பால் குறையும் மாதங்களில் பானை குறையாதிருக்க

(தோட்ட மக்கள் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து நிரைக்குச் சென்று, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியவர்கள் நீங்கள். ஓய்வு கொள்ள வேண்டிய இம்மாலை வேளையில் நான் பேசுவதைக் கேட்க வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல், உங்கள் அடுப்படிக்கு உதவக்கூடிய ஒன்றைப் பற்றி மட்டும் பேசிச் செல்வதே முறை என்று எண்ணுகிறேன்.

பால்மரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆயினும் நீங்கள் அறிந்த ஒன்றையே நினைவூட்டித் தொடங்குகிறேன். ஆண்டுதோறும் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்குகின்றன. வட மாநிலங்களில் இது சற்று முந்தியும் வருவதுண்டு. புதுத்தளிர் விட்டு, அத்தளிர் முற்றிக் கரும்பச்சையாகும் வரை மரம் தன் உணவைத் தனக்கே செலவிட்டுக் கொள்கிறது. மங்கில் விழும் பால் குறைகிறது. சில இடங்களில் வெட்டையே நிறுத்தி வைப்பார்கள். ஏப்ரல் கழிந்த பின்னரே நிலைமை சீராகும். இது ஒரு குறைகாலம்.

மற்றொரு குறைகாலம் மழையினால் வருவது. மேற்குக் கரை மாநிலங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும், கிழக்குக் கரையில் நவம்பரிலிருந்தும் மழை வலுக்கிறது. பட்டை நனைந்துவிட்டால் வெட்ட இயலாது. வெட்டிய பின் மழை பிடித்துக்கொண்டால் மங்கிலுள்ள பால் தண்ணீரோடு வழிந்து போகும். மழை நாள் ஒவ்வொன்றும் கூலிக் கணக்கில் ஓர் ஓட்டையே.

இவ்விரு காலங்களிலும் கனப்பது எது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அட்டையில் 555 என்று அச்சிட்ட அந்தச் சிறிய கடன் புத்தகம். கடைக்காரர் அதில் எழுதுகிறார், நாம் தலையசைக்கிறோம். அரிசி, எண்ணெய், மாவு, சீனி ஆகியவற்றைக் கடனில் வாங்குவதை ஒரு வகையில் தவிர்க்க இயலாது. ஆனால் அந்தப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால், பச்சை மிளகாய், கத்தரிக்காய், கீரைக்கட்டு, எலுமிச்சம்பழம், ஊறுகாய்ப் புட்டி என்று சின்னஞ்சிறு வரிகள் எத்தனை! நாளொன்றுக்கு 2 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 60 வெள்ளி. இலை உதிரும் மூன்று மாதங்களுக்கு 180 வெள்ளி. பால் குறைந்த மாதங்களில் அந்த 180 வெள்ளியை எங்கிருந்து எடுப்பது?

இக்குறைகாலங்கள் சொல்லாமல் வருபவை அல்ல. நோயைப் போலவோ விபத்தைப் போலவோ திடீரென்று வந்து நிற்பதில்லை. ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே மாதங்களில் வருகின்றன. வருவதை முன்னறிந்தவன் முன்னேற்பாடு செய்து கொள்ளலாம் அல்லவா?

இங்கே இயற்கை நமக்கு ஓர் உதவியும் செய்து வைத்திருக்கிறது. மேற்குக் கரையில் இலை உதிரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வெயில் நன்றாகக் காய்கிறது. மரம் பால் தர மறுக்கும் அந்நாட்களே வற்றல் போடுவதற்கு ஏற்ற நாட்கள். அப்போது காய வைத்தவை மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கு உதவும். அதேபோல் ஏப்ரல் முதல் ஜூன் வரை மாங்காய் மலிகிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை பழங்கள் குவிகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அம்மாதங்களில் மழையும் சற்று அடங்கியிருக்கிறது. அப்போது சாடியில் இட்டவை அக்டோபர் மழைக்கு உதவும். குறை இரண்டு என்றால், அதை நிரப்பும் பருவங்களும் இரண்டு.

இக்கருத்து புதியதன்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி நடந்தபோது அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதைகளை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1974ஆம் ஆண்டில் பிரதமர் துன் அப்துல் ரசாக் அவர்கள் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றியுள்ள வெறும் நிலத்தில் காய்கறி பயிரிடுமாறு மக்களைக் கேட்டுக் கொண்டார்கள். அண்மைக் காலத்தில், 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது என்ன நடந்தது? அது இலை உதிர்ந்து பால் குறைந்திருந்த நேரம். பட்டணத்துக்குப் போவதும் அரிதாயிற்று. வீட்டோரம் ஒரு முருங்கை மரமும் நாலு மிளகாய்ச் செடியும் வைத்திருந்தவர்களுக்கு அவற்றின் அருமை அப்போது தெரிந்தது.

இனி, பயிரிடுவது பற்றிச் சில சொற்கள்.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், மாணவர்களைக் கொண்டு ஒரு காய்கறித் தோட்டம் போட்டேன். புத்தகத்தில் படித்தபடி நிலத்தைக் கொத்தி, சமப்படுத்தி, கீரை விதையைத் தூவினோம். மூன்றாம் நாள் பெய்த மழையில் விதை அத்தனையும் அடித்துக்கொண்டு கால்வாய்க்குப் போய்விட்டது. ஒரு மாணவனின் தந்தை, பால் வெட்டுபவர், மறுநாள் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். மாலையில் மண்வெட்டியோடு திரும்பி வந்தார். பாத்தியை அரையடி உயர்த்தி, இரு புறமும் நீர் வடியக் கால் வெட்டிக் கொடுத்தார். விதைத்த மேற்புறத்தை உலர்ந்த புல்லால் மெல்ல மூடச் சொன்னார். முளை தலைகாட்டியதும் புல்லை எடுத்துவிட வேண்டும். நம் நாட்டு மழைக்கு இந்த முறையே பொருந்தும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

எதைப் பயிரிடுவது? முதலில் விரைந்து பலன் தருபவை. கங்கோங் கீரையும் தண்டுக்கீரையும் விதைத்த 25 முதல் 30 நாட்களில் பறிக்கத் தகுதியாகின்றன. கங்கோங்கை வேரோடு பிடுங்காமல் அடியில் இரு கணு விட்டு அறுத்தால் மறுபடியும் தழைக்கும். வெண்டையும் பயற்றங்காயும் ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். மிளகாயும் கத்தரியும் பொறுமையைக் கேட்பவை. நாற்றுவிட்டு நட்டுக் காய் பறிக்க மூன்று மாதம் போல் ஆகும். ஆகவே ஜனவரி வெயிலில் மிளகாய் உலர்த்த விரும்புகிறவர்கள் செப்டம்பரிலேயே நாற்றுவிட வேண்டும். இந்தக் கணக்கைத் தவறவிடுபவர்களே பலர்.

பயற்றங்கொடியை ஓராண்டு ஓரிடத்தில் விட்டால், அடுத்து அங்கே நடும் கத்தரி நன்றாக வரும். காரணம் உங்கள் கண்முன்னே இருக்கிறது. பால்மரக் கன்றுகளுக்கிடையே நிர்வாகம் ஒரு கொடியைப் படர விடுகிறதே, அதுவும் அவரை இனந்தான். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன. மரத்துக்குச் செய்யும் உபசாரத்தை நம் கத்தரிச் செடிக்கும் செய்வோமே! உதிர்ந்த பால்மரச் சருகு, மாட்டுச் சாணம், சமையற்கட்டுக் கழிவு ஆகிய மூன்றையும் ஒரு குழியில் மாற்றி மாற்றி இட்டு ஈரமாக வைத்திருந்தால், சில மாதங்களில் காசில்லாத உரம் கிடைக்கும்.

பாகற்காயில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பது பெருந்தொல்லை. பிஞ்சு விரல் நீளம் ஆனவுடன் பழைய செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டிக் காய்க்குச் சட்டை போடுங்கள். மருந்து வேண்டியதில்லை.

மருந்து என்றதும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். களைக்கொல்லி வந்த கலனை எத்தனை முறை கழுவினாலும் அதில் தண்ணீர் மொண்டு செடிக்கு ஊற்றக் கூடாது. மூடி நன்றாயிருக்கிறது என்று ஊறுகாய் போடவும் கூடாது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 தொடக்கத்திலிருந்து இந்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால் பழைய கலன்கள் எங்கெங்கோ கிடக்கின்றன. ஏனைய களைக்கொல்லிகளும் உணவுக்கு உறவானவை அல்ல. மருந்தடிக்கும் நிரையிலிருந்து மழைநீர் வழிந்து வரும் பள்ளத்திலும் காய்கறி போடாதீர்கள். பால் உறைய வைக்கும் அமிலம் இருந்த கலனுக்கும் இதே விதி. செடிக்கென நீர் பிடித்து வைக்கும் தொட்டியை மூடி வையுங்கள். இல்லையேல் டெங்கிக் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

மரவள்ளியைப் பற்றி ஒரு சொல். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் உள்ளே கறுத்துக் கெட்டுவிடும். ஆனால் மண்ணிலேயே விட்டால் வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம். சாடியும் வேண்டாம், உப்பும் வேண்டாம். தோலை முழுவதும் உரித்து, நிறைய நீரில் நன்றாக வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டே உண்ண வேண்டும். அரைவேக்காட்டுக் கிழங்கில் நஞ்சு நீங்குவதில்லை. கசக்கும் கிழங்கைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

நம்மால் எல்லாவற்றையும் விளைவிக்க இயலாது. முட்டைக்கோசும் தக்காளியும் பெரும்பாலும் கேமரன் மலையிலிருந்து வருகின்றன. அவற்றை வாங்கத்தான் வேண்டும். வாங்குவதில் இரண்டு செய்திகள். பாசார் மாலாமில் கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும். ஆனால் அன்றே சமைக்கவோ உப்பிலிடவோ போவதாக இருந்தால் மட்டும் அந்த நேரத்துச் சரக்கை வாங்குங்கள். மலிவு என்று வாங்கி மூன்றாம் நாள் கொட்டுவது மலிவாகாது. இரண்டாவது, வற்றலுக்கும் ஊறுகாய்க்கும் வாங்குவதைச் சரக்கு குவிந்திருக்கும் வாரத்தில் வாங்குங்கள். பண்டிகை நெருங்கும் வாரத்தில் வாங்காதீர்கள். வெண்டைக்காயின் நுனி ஒடிந்தால் இளசு, வளைந்தால் முற்றல் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அண்டை அயலார் இருவர் மூவர் சேர்ந்து ஒரு கூடையாக வாங்கிப் பங்கிட்டுக் கொண்டால் விலை இன்னும் குறையும்.

இப்பொழுது வற்றலுக்கு வருவோம். பூஞ்சணத்துக்கு வாழ ஈரம் வேண்டும். ஈரத்தைப் போக்கிவிட்டால் அது வாழாது. வற்றலின் கலை இவ்வளவே. நம் பாட்டிமார் ஊரில் காய்ந்த வெயில் வேறு; இங்கே காற்றிலேயே ஈரம் நிற்கிறது. ஆகவே ஊர் முறையை இங்கே சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். காயை மெல்லியதாக அரியுங்கள். உப்பும் மஞ்சளும் இட்ட கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுத்து, நீரை நன்றாக வடித்து, காலை ஒன்பது மணிக்கே தட்டில் பரப்புங்கள். வெறும் தரையில் பரப்புவதைவிட, காற்று அடியிலும் புகும்படி சல்லடை போன்ற தட்டை உயரத்தில் வைப்பது நல்லது. மேலே வலைத்துணி. பிற்பகல் இரண்டு மணிக்குள் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். மூன்று மணி மழையை நம்பக் கூடாது. நல்ல வெயிலாயின் மூன்று நான்கு நாளில் ஒடித்தால் சடக்கென்று முறியும். அதுவே பதம். வளைந்தால் இன்னும் காயவில்லை.

கத்தரி, வெண்டை, பாகல், பயற்றங்காய் யாவும் இம்முறைக்கு இசையும். சுண்டைக்காய் தோட்ட ஓரங்களில் கேட்பாரற்றுக் காய்த்துக் கிடக்கிறது. அதை இலேசாகத் தட்டி, புளித்த மோரில் உப்பிட்டு ஊறவைத்து உலர்த்தினால் கடையில் காசு கொடுத்து வாங்கும் வற்றல் இலவசமாகக் கிடைக்கும்.

மோர் மிளகாய்க்கும் அதுவே வழி. அரைக் கிலோ பச்சை மிளகாயைக் காம்போடு நுனியில் கீறி, மூழ்கும் அளவு புளித்த மோரில் மூன்று மேசைக்கரண்டி உப்பிட்டு இரண்டு நாள் ஊறவையுங்கள். பிறகு பகலில் வெயில், இரவில் மீண்டும் அதே மோர். மோர் முழுவதும் இழுத்துக்கொண்ட பின்னர் வெயிலில் மட்டும் காய வேண்டும். கஞ்சிக்கும் பழைய சோற்றுக்கும் இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

வற்றலில் பூஞ்சணம் கண்டால் துடைத்துவிட்டு மறுபடி காய வைக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். கூடாது. பூஞ்சணம் சில வேளைகளில் விட்டுச் செல்லும் நஞ்சு வெயிலாலும் எண்ணெயில் பொரிப்பதாலும் முற்றிலும் அழிவதில்லை. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வீசிவிடுங்கள்.

ஊறுகாய்க்கு உப்பும் புளிப்புமே காவல். ஒரு கிலோ எலுமிச்சைக்கு 200 முதல் 250 கிராம் உப்பு வேண்டும். பழத்தைக் கழுவித் துடைத்து, ஈரம் உலர்ந்த பின் நறுக்கி, உப்போடு கண்ணாடிப் புட்டியிலோ பீங்கான் சாடியிலோ இடுங்கள். தகரமும் அலுமினியமும் புளிப்பில் அரிக்கும். நாள்தோறும் உலர்ந்த கரண்டியால் கிளறி வந்தால் இரண்டு மூன்று வாரத்தில் தோல் மென்மையாகும். அதன் பின் மிளகாய்த்தூள், வறுத்த வெந்தயம், பெருங்காயம் சேர்த்து, காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய் மேலே நிற்கும்படி ஊற்ற வேண்டும். ஈரக் கரண்டி ஒரு முறை பட்டால் போதும், ஒரு மாத உழைப்பு வீணாகும். என் வீட்டில் அவ்வாறு வீணானதற்குக் காரணமானவர் யார் என்பதை என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறுகாயையும் வற்றலையும் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்த வேண்டும். மற்றுமொன்று: பயற்றங்காய் போன்ற புளிப்பில்லாத காய்களை வேகவைத்து, நீரோடு புட்டியில் அடைத்து வைக்கும் முறையை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். காற்றுப் புகாத புட்டியில் வளர்ந்து உயிரையே பறிக்கும் கிருமி உண்டு. தகுந்த இயந்திரமின்றி அதைக் கொல்ல இயலாது. உலர்த்துங்கள், அல்லது உப்பிலும் புளிப்பிலும் இடுங்கள். அவை நமக்குப் போதும். நம் மலாய் அண்டைவீட்டார் டுரியான் மலியும் காலத்தில் அதன் சுளையை உப்பிட்டுப் புளிக்க வைத்துத் தெம்போயாக் செய்கிறார்கள். கேட்டால் மகிழ்ந்து சொல்லிக் கொடுப்பார்கள்.

கீரையை மட்டும் உலர்த்துவதைவிடப் பச்சையாகப் பறித்து உண்பதே மேல். நம் பெண்களிடையே இரத்தச் சோகை குறைந்தபாடில்லை. கீரையிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர வேண்டுமானால், அதோடு எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பைச் சேர்த்துக் கொள்ளுங்கள்; சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்துவதை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். சாயோர் மானிஸ் என்னும் கீரையைப் பச்சையாக அரைத்துச் சாறு குடிப்பது உடம்பை இளைக்க வைக்கும் என்று நம்பி, 1990களில் தைவானில் பலர் குடித்து நுரையீரல் கெட்டுப் போனார்கள். சமைத்து உண்ணும் நம் வழக்கத்தையே வைத்துக்கொள்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கெடா மாநிலத்தில் ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு மூதாட்டியின் வீட்டில் இரண்டு 555 புத்தகங்கள் ஆணியில் தொங்கின. ஒன்று கடைக் கணக்கு. மற்றொன்று எதற்கு என்று கேட்டேன். “தம்பி, கடைக்காரர் எழுதுவதை என்னால் வாசிக்க முடியாது. இது என் புத்தகம். கொல்லையில் பறித்ததை எல்லாம் கடை விலை போட்டுப் பேத்தி எழுதி வைப்பாள். மாதக் கடைசியில் இரண்டையும் படித்துக் காட்டுவாள்” என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். ‘மிளகாய் ஒரு பிடி, 50 காசு. முருங்கைக்கீரை, 1 வெள்ளி. வாழைப்பூ, 1 வெள்ளி 50 காசு.’ பென்சிலால் எழுதிய குழந்தைக் கையெழுத்து. அந்த மாதக் கூட்டுத்தொகை கடைப் புத்தகத்தின் காய்கறிக் கணக்கை மிஞ்சியிருந்தது. ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பேத்திக்கு இதைவிடச் சிறந்த கணக்குப் பாடம் பள்ளியில் கிடைத்திராது. நீங்களும் இரண்டாவது புத்தகம் ஒன்றை வாங்கித் தொங்கவிடுங்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஓர் அன்பர் என்னிடம், “நிலம் நமக்குச் சொந்தமில்லையே, நாளை மறுநடவு என்றோ செம்பனை என்றோ லயத்தையே இடித்துவிட்டால் செடிகள் என்னாவது?” என்று கேட்டார். நேர்மையான கேள்வி. பல தோட்டங்களில் அப்படி நடந்தும் இருக்கிறது. ஆகவே இடம் குறிக்குமுன் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். தென்னையும் பலாவும் நடுவதைவிட, ஆறு மாதத்துக்குள் பலன் தருபவற்றை முதன்மையாக வையுங்கள். மிளகாயை வாளியிலும் பழைய அரிசிப் பையிலும் வளர்த்தால் வீடு மாறும்போது அதுவும் கூட வரும். நல்ல காய் ஒன்றிரண்டை முற்றவிட்டு, விதை எடுத்து, சாம்பலில் புரட்டிப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். விதைப் புட்டியை யாரும் இடிக்க முடியாது.

நேரமாகிவிட்டது. மண்டபத்தின் வெளியே எங்கள் வண்டியில் முருங்கைக் கொம்புகள் கொண்டு வந்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று வீதம் எடுத்துக்கொள்ளலாம். மூன்றடிக் கொம்பில் ஓரடி மண்ணுக்குள் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் இடமாக இருந்தால் அழுகிவிடும், மேட்டில் நடுங்கள். எது தலை, எது அடி என்று குழம்ப வேண்டாம், அடிப்பக்கத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறோம். கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களுக்கு முதலில் வழிவிடுங்கள். கேள்வி கேட்க விரும்புவோர் சற்று இருந்தால் வண்டி புறப்படும் வரை பேசலாம்.